பொறாமை வீடு

ஊசி எந்த அறைக்குள் போனாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைவாள். கல்யாண மண்டபமானாலும் சரி, ரயில் நிலையமானாலும் சரி. என்ன பணிவு பாருங்கள் என்று ஒருவர் மெச்சியதுகூட உண்டு. பணிவாவது ஒன்றாவது! அறுபதைத் தாண்டியும் அவள் வாய்க்குப் பணிவு வந்தபாடில்லை. அது அவள் பிறந்து வளர்ந்த வீடு பழக்கிவிட்ட பழக்கம்.

கடைத்தெருவிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சரிவில் இருந்தது அந்த வீடு. ஒரு பக்கம் பழைய அச்சகத்தின் கல் சுவர். மறுபக்கம் பெரியப்பாவின் மாடி வீடு. இரண்டுக்கும் நடுவே, சந்து இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய அப்பா ஒரு வீட்டைச் செருகி வைத்திருந்தார். கீழே ஒரு கதவு, அதன் தலைக்கு மேல் ஒரு சன்னல், அதற்கு மேல் இன்னொரு சன்னல், அப்புறம் ஓடு. உள்ளே நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் தட்டும். விருந்தாளிகள் வந்தால் எதிரெதிரே உட்கார முடியாது. பேருந்தில் உட்காருவதுபோல ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார வேண்டும். கடைசி நாற்காலிக்காரர் சொன்ன நகைச்சுவை முதல் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்து சிரிப்பு திரும்பி வருவதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும்.

அம்மாவும் அப்பாவும் அங்கே நிம்மதியாகச் சண்டை போட்டதே கிடையாது. கோபித்துக்கொண்டு விலகிப் போக வேண்டுமென்றால் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நடுவழியில் சிரித்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்தான் ஊசி. ஒல்லி வீட்டுப் பெண் வேறென்ன ஆவாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவளும் சொல்லி வைத்ததுபோலத் தையல்காரியாகவே ஆனாள். வேறு ஊரில் கடை போட்டபோது முதல் காரியமாக, ஊரிலேயே அகலமான ஒரு வெட்டு மேசை செய்து வாங்கினாள். அந்த மேசை அவள் பிறந்த வீட்டுக்குள் நுழையவே நுழையாது. அதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஒல்லியாக இருந்தது ஒரு குறை என்றால், கட்டைகள் இன்னொரு குறை. மரவேலை செய்கிறவர் கட்டிய வீடு என்றுதான் பெயர். ஆனால் முன்னறையில் சுவருக்குச் சுவர் மூன்று தடித்த கட்டைகள், சரியாக ஆள் நெற்றி உயரத்தில், வழியை மறித்துக்கொண்டு நின்றன. மாடியிலும் அப்படியே. கூரையைத் தாங்குகிற கட்டையும் இல்லை, தளத்தைத் தாங்குகிற கட்டையும் இல்லை. எதற்கப்பா இது என்று கேட்டால், துணி காயப்போட என்பார் அப்பா. துணி காயப்போடக் கயிறு போதாதா, கப்பல் கட்டுகிற மரம் வேண்டுமா என்று அம்மா கேட்டால் அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வேறு எதைச் சொன்னாலும் கேட்பார். அந்தக் கட்டைகளில் ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். அம்மா கடைசிவரை அதில்தான் துணி காயப்போட்டாள்.

ஊர் அந்த வீட்டுக்கு வைத்த பெயர் பொறாமை வீடு. அண்ணனுக்குப் பெரிய வீடு வந்துவிட்டதே என்ற வயிற்றெரிச்சலில், தம்பிக்காரன் நடுத்தெருவில் நின்று சண்டை போட்டு, அந்தச் சந்து இடத்தைத் தன் பங்காக வாங்கி, அண்ணன் வீட்டுச் சன்னல்களுக்கு வெளிச்சம் வராதபடி சுவரை ஒட்டி ஒரு வீட்டைக் கட்டினான். இதுதான் கதை. ஊசிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்தப் பெயரை முதலில் வைத்தவரே பெரியப்பா என்பதுதான் அவளுக்கு ஆறாத புண்.

அவளுக்குத் தெரிந்த அப்பாவிடம் பொறாமை என்று ஒன்றை அவள் கண்டதேயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் தேறினால் இவர் இனிப்பு வாங்கி வருவார். அப்படிப்பட்ட மனிதரை ஊர் வாயில் போட்டு மென்றது.

பெரியப்பா அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்ததை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பெரியப்பா கையில் குடையோடு, சண்டைக்கு வருகிற முகத்தோடு விறுவிறுவென்று நுழைந்தார். நுழைந்த வேகத்தில் முதல் கட்டையில் நெற்றியை மோதிக்கொண்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார், ஊரே எழுந்து நிற்கிற மனிதர், கண்ணில் நீர் வர நின்றதைப் பார்த்து ஊசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா அவளைக் கிள்ளினாள். பெரியப்பா திட்டவில்லை. கட்டையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்த காரியத்தைச் சொல்லாமலேயே போய்விட்டார். அடி பலம் போல என்று அம்மா சொன்னாள்.

அதற்குச் சில நாள் கழித்துப் பெரியப்பா வீட்டுக்கு வானொலிப் பெட்டி வந்தது. சாயங்காலமானால் சுவர் அதிர அலறும். செய்தி, பாட்டு, நாடகம், எல்லாம் இந்தப் பக்கத்துக்கு ஒரு சொல் விடாமல் வரும். போய்க் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன் என்பாள் அம்மா. அண்ணனுக்குக் காது மந்தம், விடு என்பார் அப்பா. காது கிழிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர்கள் வீட்டில் வானொலி வாங்க வசதி வந்தபோதும் அப்பா வாங்கவில்லை. ஊசி படித்த படிப்பில் பாதி அந்தச் சுவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

இதெல்லாம் போய், பெரியவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய், இப்போது அந்த வீட்டுக்கு வேறு ஒரு யோகம் அடித்திருந்தது. உலகத்தில் பார்க்க வேண்டிய விசித்திரக் கட்டடங்கள் என்று யாரோ தொகுத்த படப் புத்தகத்தில் அதன் படம் வந்துவிட்டது. சாய்ந்த கோபுரத்துக்கு அடுத்த பக்கத்தில் ஊசியின் அப்பா கட்டிய வீடு! வெளியூர்க்காரர்கள் வந்து வாசலில் கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். வீட்டைக் காட்சிக்குத் திறந்துவிடுகிறோம், ஒப்படைக்க முடியுமா என்று ஊர்ச் சுற்றுலா அலுவலகம் கேட்டது. பூட்டிக் கிடந்து இற்றுப்போவதற்கு நாலு பேர் பார்க்கட்டும் என்று ஊசியும் சம்மதித்து, பேசி முடிக்க வந்து இறங்கினாள்.

வந்து பார்த்தால், அலுவலகத்துப் பெண் வாசலில் ஒரு கும்பலை நிறுத்தி வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு, நல்ல குரல், கைகள் இரண்டும் சேர்ந்து பேசின. தம்பியின் கண்ணில் பொறாமைத் தீ எரிந்ததாம். அண்ணன் வீடு இருண்ட அன்று தம்பி மாடியில் ஏறி நின்று சிரித்தானாம். ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்பல் கலைந்ததும் நேரே போய், அந்தத் தம்பியின் மகள் நான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். பாவம் அந்தப் பெண், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊர்க்காரர்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்று மன்னிப்புக் கேட்டாள்.

ஊசி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வாசலில் பதிக்கப் போகும் கல்லில் பொறாமை என்ற சொல் இருக்கக் கூடாது. அப்பாவின் பெயரைக் கெடுக்கிற அந்தச் சொல்லை இத்தனை வருஷம் ஊர் வாயில் சுமந்தது போதும், கல்லில் வேறு ஏற வேண்டாம்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க, அந்தப் பேருக்காகத்தான் வர்றாங்க," என்றாள் அந்தப் பெண். "பாச வீடுன்னு போட்டா யார் வந்து பாப்பாங்க?"

பேசிப் பேசிக் கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். வெளிச்சம் போனது பெரிய வீட்டுக்குத்தானே. அந்த வீட்டு அம்மா, அப்படியெல்லாம் இல்லை, கதை பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெயரை மாற்றிவிடலாம். கல்லில் எழுத்து வெட்டும் வேலை அடுத்த வாரம்தான்.

அந்த அம்மா வேறு யாருமில்லை, பெரியப்பாவின் ஒரே மகள், ஊசியின் அக்கா. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று காலம் ஓடிவிட்டது. அப்பா இறந்த வீட்டில், வந்து நின்ற அக்காவைப் பார்த்து ஊசி எல்லாரும் கேட்கக் கேட்டாள்: எங்க அப்பாவுக்கு அந்தப் பேரை வச்சது உங்க அப்பாதானே, இப்பவாவது பொய்னு சொல்லு. அக்கா வாயே திறக்கவில்லை. ஊசியின் கையைப் பிடிக்க வந்தவள், பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டாள். எவ்வளவு திமிர் என்று அன்றைக்கு நினைத்ததை ஊசி இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. அவளிடம் போய்க் கெஞ்சுவதா? தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று சொல்லிவிட்டு, பிடிவாதமாக வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்தாள்.

ஆனால் சுவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அக்கா இருமுவது கேட்டது. நாற்காலியை நகர்த்துவது கேட்டது. யாரும் இல்லாத வீட்டில் அவள் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வது கேட்டது. சின்ன வயதில் இரண்டு பேரும் இந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடத்துக்கு விடை சொல்லிக்கொள்வார்கள். பெரியவர்கள் பேசாவிட்டால் பிள்ளைகளும் பேசக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது நாள், ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த ஊசி தன்னை அறியாமல் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். நிற்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் அலுவலகத்துப் பெண் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்க்க வருகிறவர்கள் தலையில் இடித்துக்கொள்வார்கள், இந்தக் கட்டைகளை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். ஊசிக்கு ஒரு நொடி அப்பா நினைவு வந்தது. ஆணி அடிக்கவும் விடாதவர். ஆனால் அடுத்த நொடியே, நெற்றியில் வாங்கிய அத்தனை புடைப்புகளும் சேர்ந்து பதில் சொல்லிவிட்டன. தாராளமாக எடுங்கள், கொடி கட்ட ஒரு கயிறு போதும் என்றாள். தச்சர் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, வாசலை ஒட்டிய கட்டையில் ரம்பத்தை வைத்தார். மரம் இரும்பு மாதிரி இருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். ரம்பம் பல்லைப் பதித்துப் பதித்து மெல்ல இறங்கியது.

சட்டென்று அந்தப் பக்கத்துச் சுவரில் யாரோ அடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளங்கையால், படபடவென்று. பிறகு அது நின்று, தெருக்கதவு திறந்து, செருப்பில்லாத கால்கள் ஓடி வந்தன. அக்கா வாசலில் வந்து நின்றாள். நரைத்த தலை கலைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"நிறுத்தச் சொல்லுடி," என்றாள். "அதை எடுத்தா என் வீடு விழும்."

தச்சர் ரம்பத்தை நிறுத்தினார். ஊசி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அத்தனை வருஷம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு இதுவா என்று கோபப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தச்சர் இறங்கி, கட்டை சுவரில் புகுந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் தெருவுக்குப் போய் இரண்டு வீட்டையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த அம்மா சொல்வது சரிதான், பெரிய வீட்டுச் சுவர் இந்தப் பக்கமாக வயிறு தள்ளியிருக்கிறது, கல் சுவரில் உதைத்து இந்தக் கட்டைகள்தான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன என்றார். அறுத்த இடத்தில் ஒரு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிடுவதாகச் சொன்னார். அதை எடுத்து வருகிறேன் என்று அலுவலகத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அவர் போனதும், வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாற்காலிதான் இருந்தது. வழக்கம்போல ஒன்றன் பின் ஒன்றாக. அக்கா முன்னால் உட்கார்ந்தாள், ஊசி பின்னால். முகம் பார்க்காமல் பேச முடிந்தது நல்லதாகப் போயிற்று.

அக்கா மெதுவாகச் சொன்னாள். மழைநீர் இறங்கி அந்தச் சுவர் அப்போதே பிதுங்க ஆரம்பித்திருந்தது. சித்தப்பா பார்த்துச் சொன்னார். நான் சரி செய்து தருகிறேன் அண்ணா என்றார். என் வீட்டைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும், தம்பி கையால் நிமிர்த்திய வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்றார் அக்காவின் அப்பா. வீம்பு. சுவரை இடித்துக் கட்ட அவரிடம் வழியும் இல்லை. அடுத்த மாதம்தான் சித்தப்பா நடுத்தெருவில் நின்று, சந்து என் பங்கு என்று கத்தியது. அது பொறாமைதான் என்று அக்காவின் அப்பா உண்மையிலேயே நம்பினார். கொதித்துப் போய்த்தான் அந்தப் பெயரை வைத்தார்.

"அப்புறம் அந்த மழை வந்துச்சே. எங்க பின்னாடி வீட்டுச் சுவர் அப்படியே உக்காந்துடுச்சு. எங்க சுவர் மட்டும் அசையல. அப்பாவுக்கு ஏன்னு புரியல. மறுநாள் சன்னல் விஷயமா சண்டை போட இங்க வந்தார்."

"வந்து இடிச்சுக்கிட்டார்," என்றாள் ஊசி.

"நீ சிரிச்சியாம். கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

ஊசிக்கு அந்தக் காட்சி கண் முன்னால் வந்தது. கட்டையைத் தடவிக்கொண்டு நின்ற பெரியப்பா. கண்ணில் நீர். அடி பலம் என்று அம்மா சொன்னாளே. இத்தனை நாள் அதை அவளும் அடி என்றுதான் நினைத்திருந்தாள்.

"புரிஞ்சதுன்னா ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல? அந்தப் பேரையாவது மாத்தியிருக்கலாம்ல?"

படுக்கையில் கிடந்தபோது தன் அப்பா சொன்னதை அக்கா அப்படியே சொன்னாள்.

"அண்ணன் தலை குனியக் கூடாதுன்னு அவன் கெட்ட பேரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டான். நான் போய் நன்றி சொன்னா அதைக் கீழ போட்டு உடைச்ச மாதிரி ஆயிடும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். நீயும் யார்கிட்டயும் சொல்லாத. அந்தக் கட்டை மேல யாராவது கை வச்சா மட்டும் வாயைத் திற."

ஊசி எதிரே இருந்த நரைத்த பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்த வீட்டில் இவள் வாய் திறக்காமல் போனது திமிர் இல்லை. சொல்லவும் முடியாமல், பொய் சொல்லவும் மனசு வராமல் போயிருக்கிறாள். அதற்காக ஊசி இத்தனை வருஷம் இவளைத் தள்ளி வைத்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கவில்லை.

"வானொலி," என்றாள் திடீரென்று. "பெரியப்பாவுக்குக் காது மந்தம்னு அப்பா சொல்வார்."

"எங்க அப்பாவுக்கா? பக்கத்து அறையில குண்டூசி விழுந்தா எழுந்து வருவார். சத்தமே ஆகாது அவருக்கு. பெட்டியைச் சுவரோட ஒட்டி வச்சு, முழுசா திருகி விட்டுட்டு, தான் மாடிக்குப் போய்க் காதுல பஞ்சு வச்சுக்குவார். நாங்கதான் கிடந்து தவிச்சோம்."

ஊசி சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். காது கிழிகிறது என்று முணுமுணுத்தபடி நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் அப்பா. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள், சாகிறவரை, ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊர் அதைப் பகை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நகர வேண்டிய வேளை வந்தபோது, அந்த வீட்டு வழக்கப்படி, ஒருவரைத் தாண்டி ஒருவர் போக இடமில்லை. அக்கா எழுந்து திரும்பினாள். ஊசி அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அக்காவே கேட்டாள், கல்லில் என்ன எழுதச் சொல்வது, நான் வந்து அந்தப் பெண்ணிடம் சொல்லட்டுமா என்று. ஊசி தூக்கம் வராமல் யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் கட்டிக் காத்ததை நாம் எதற்கு உடைக்க வேண்டும்? கேட்டுவிட்டு அக்கா அவள் கையைப் பிடித்தாள். அன்றைக்குப் பிடிக்காமல் போன கை.

கல்லில் எழுத்து வெட்டும் நாளில் ஊசியே அலுவலகத்துப் பெண்ணிடம் போய், பெயர் அப்படியே இருக்கட்டும் என்றாள். அந்தப் பெண் நம்ப முடியாமல் பார்த்தாள். அன்றைக்கு அத்தனை சண்டை போட்டீர்களே என்றாள். எழுத்தை மட்டும் நல்லா ஆழமா வெட்டச் சொல்லு என்றாள் ஊசி.

திறந்த அன்று வாசலில் நல்ல கூட்டம். அலுவலகத்துப் பெண் முதலில் தயங்கித் தயங்கித்தான் கதையை ஆரம்பித்தாள். தம்பியின் மகள் பக்கத்திலேயே நிற்கிறாளே. ஊசி தலையாட்டி, சொல்லு சொல்லு என்று தைரியம் கொடுத்தாள். போதாததற்கு, எங்க அப்பா மாடியில நின்னு சிரிச்சது வெறும் சிரிப்பு இல்ல, கைதட்டிச் சிரிச்சார் என்று எடுத்தும் கொடுத்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அக்கா, ஆமாம், சித்தப்பாவுக்கு ரொம்பத்தான் பொறாமை என்று சாட்சி சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

முதலில் உள்ளே போன நெட்டையான மனிதர் நேரே போய்க் கட்டையில் மோதினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, புதிதாகப் போட்ட இரும்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு தடித்த மரத்தை எதற்கு இங்கே குறுக்கே போட்டார்கள் என்று கேட்டார். அலுவலகத்துப் பெண் ஊசியைத் திரும்பிப் பார்த்தாள்.

"துணி காயப்போட," என்றாள் ஊசி.

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் குனிந்து போனார்கள். அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து வானொலி அலற ஆரம்பித்தது. சுவரே அதிர்ந்தது. வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். போய்க் குறைக்கச் சொல்லட்டுமா என்று அலுவலகத்துப் பெண் பதறினாள்.

"வேண்டாம்மா," என்றாள் ஊசி. "அந்த வீட்டுக்காரங்களுக்குக் காது மந்தம்."

காது கிழிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.